மாதவிடாய் நின்ற பிறகு ஏடு ஏடாகப் பிளக்கும் நகங்களுக்கு எந்த மேனிக்யூர் பொருந்தும்?

கேள்வி: குன்னூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 51. மாதவிடாய் முற்றிலும் நின்று ஓராண்டு கடந்துவிட்டது. வெப்ப அலைகள், தூக்கமின்மை ஆகியவற்றைப் பற்றி முன்கூட்டியே கேள்விப்பட்டிருந்ததால் அவற்றை ஓரளவு சமாளித்துவிட்டேன். ஆனால் கை நகங்கள் இப்படி ஆகும் என்று யாரும் சொல்லியதில்லை. நுனியில் நகம் இரண்டு மூன்று ஏடுகளாகப் பிரிந்து உரிகிறது. கட்டை விரலில் மட்டும் அடியிலிருந்து நுனி வரை மேடு மேடாகக் கோடுகள் விழுந்து, அதில் ஒரு கோட்டின் வழியாக நகம் பிளந்திருக்கிறது. ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தால் ஒவ்வொரு வரிசையிலும் கம்பளி நூல் அந்தப் பிளவில் மாட்டி இழுக்கிறது. மார்கழி, தை மாதப் பனியில் நிலைமை இன்னும் மோசமாகிறது.

வைகாசியில் மகளுக்குத் திருமணம். அதற்குள் கைகள் பார்க்கும்படியாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இங்குள்ள ஓர் அழகு நிலையத்தில், விளக்கொளியில் இறுகும் ஜெல் பாலிஷ் போட்டுக்கொண்டேன். போட்டபோது அழகாகவே இருந்தது. அதை எடுக்கும்போது இரும்புக் கருவியால் சுரண்டி எடுத்தார்கள், நகத்தின் மேல் ஏடும் அதனோடு சேர்ந்து வந்துவிட்டது. இப்போது சாதாரண மேனிக்யூர், ஜெல், அக்ரிலிக் (பொடியும் திரவமும் கலந்து நகத்தின்மேல் இறுகவிடும் பூச்சு), டிப் பவுடர் (பசை தடவிய நகத்தைப் பொடியில் தோய்க்கும் முறை), நகத்தைக் கெட்டியாக்கும் பூச்சு என்று ஆளுக்கொன்றைச் சொல்கிறார்கள். என்னுடைய நகங்களுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது, எதைத் தவிர்ப்பது என்று அனுபவமும் விவரமும் உள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில்: உதகை அழகுக்கலைஞர்

வணக்கம் அக்கா. பல ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஐம்பதை ஒட்டிய வயதில் வருபவர்களில் பலருக்கும் இதே குறைதான். நீங்கள் இரண்டு விதமான பிளவுகளைச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் கவனிப்பு வேறு என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நுனியில் ஏடு ஏடாக உரிவதற்குப் பெரும்பாலும் தண்ணீரே காரணம். நகம் என்பது கெரட்டின் நிறைந்த தட்டையான செல்கள் அடுக்கடுக்காக ஒட்டி உருவானது. ஈரம் பட்டால் அது ஊறிப் பருக்கிறது, காய்ந்தால் சுருங்குகிறது. வெயிலிலும் மழையிலும் மாறி மாறிக் கிடக்கும் பலகை விரிசல் விடுவதைப்போல, நாளுக்குப் பலமுறை ஊறிக் காயும் நகத்தின் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடுகின்றன. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் தோலிலும் நகத்திலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் கொழுப்புச் சத்து குறைகிறது. அதன்மேல் நம் ஊர்க் குளிரும் சேர்ந்துகொள்கிறது. பனிக்காலத்தில் வறண்ட காற்று ஒரு பக்கம், கைக்கு இதமாக இருக்கிறதே என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் பாத்திரம் துலக்குவது மறுபக்கம். கட்டை விரலில் உள்ள நெடுக்குக் கோடுகள் வேறு வகை. அவை வயதோடு வருபவை, நகம் உற்பத்தியாகும் வேர்ப் பகுதியில் தொடங்குபவை. எந்தப் பூச்சாலும் அவற்றை நீக்க முடியாது. கோடு தெரியக்கூடாது என்று பஃப்பர் எனப்படும் மெருகேற்றும் கட்டை வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தச் சொல்வார்கள், தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். ஏற்கெனவே மெலிந்த நகம் அதனால் இன்னும் மெலியும். மேடுபள்ளத்தை நிரப்பும் அடிப்பூச்சு கடைகளில் கிடைக்கிறது, அதுவே போதும்.

இப்போது மேனிக்யூருக்கு வருகிறேன். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது, தண்ணீரில் ஊறவைக்காமல் செய்யும் எளிய மேனிக்யூர் ஒன்றுதான். வழக்கமாக முதல் வேலையாக விரல்களைச் சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைப்பார்கள். உங்கள் நகத்துக்கு ஆகாதது அந்த ஊறல்தான். ஊறிப் பருத்த நகத்தின்மேல் பூச்சு போட்டால், நகம் காய்ந்து சுருங்கும்போது பூச்சும் சீக்கிரம் பெயர்ந்துவிடும். "ஊறவைக்க வேண்டாம், எண்ணெயோ கிரீமோ வைத்துச் செய்யுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நகம் தொடங்கும் இடத்தில் தோலோடு ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை (க்யூட்டிகிள்) வெட்டவும் விடாதீர்கள். அது கிருமி உள்ளே போகாமல் அடைத்து நிற்கும் காப்பு. அதை வெட்டினால் நகச்சுற்று வருவதற்கு வழி திறந்துவிடும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

நகத்தை விரல் நுனியோடு ஒட்டிக் குட்டையாக வைத்து, ஓரங்களைச் சற்று வளைத்துவிடுங்கள். கூர்மையான வடிவம் வேண்டாம். வெட்டுவதானால் குளித்து முடித்து நகம் மென்மையாக இருக்கும்போது வெட்டுங்கள், அரம் போடுவதானால் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். உலோக அரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, 240 என்று எண் குறித்த மென்மையான அரத்தால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே திசையில் இழுக்க வேண்டும். ரம்பம் அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுத்தால் அடுக்குகள் அங்கேயே பிரியத் தொடங்கிவிடும். பிறகு அடிப்பூச்சு, நிறம், மேல்பூச்சு. மூன்றையுமே நகத்தின் நுனி விளிம்பையும் சேர்த்து மூடும்படி தடவ வேண்டும், ஏனெனில் தண்ணீர் முதலில் நுழைவது அந்த விளிம்பின் வழியாகத்தான்.

நகத்தைக் கெட்டியாக்கும் பூச்சு பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவற்றுள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். லேபிளில் ஃபார்மலின் என்றோ மெத்திலீன் கிளைகால் என்றோ போட்டிருக்கலாம். அது கெரட்டின் இழைகளை ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கிறது. முதல் சில வாரங்களுக்கு நகம் கெட்டியானதுபோலத் தெரியும், பிறகு வளைந்து கொடுக்கும் தன்மையை இழந்து சட்டென்று ஒடியும். உங்கள் நகத்துக்கு இப்போது தேவை வளைந்து கொடுக்கும் தன்மை. ஆகவே அந்தப் பூச்சை நான் பரிந்துரைக்க மாட்டேன். அக்ரிலிக், டிப் பவுடர் இரண்டும் வேண்டாம். அவற்றை ஒட்டவைப்பதற்காக நகத்தின் மேற்பரப்பை அராவ வேண்டியிருக்கும், எடுக்க அசிட்டோனில் நீண்ட நேரம் ஊறவைக்க வேண்டியிருக்கும். இரண்டையும் தாங்குகிற நிலையில் உங்கள் நகம் இல்லை.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், கோத்தகிரி

சகோதரி, மேலே எழுதியவர் நகத்தின் வெளிப்புறக் கவனிப்பைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் உடலுக்குள் வேறு காரணம் இருந்தால் எந்த மேனிக்யூரும் நிலைக்காது என்பதால், அழகு நிலையத்துக்குப் போகும் முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் பலருக்கு உதிரப்போக்கு மிக அதிகமாக இருக்கும். அப்போது இழந்த இரும்புச் சத்து, மாதவிடாய் நின்ற பிறகும் தானாக ஈடாகிவிடாது. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாக இருந்தால் பெண்களுக்கு அது இரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலில் இரும்பின் இருப்பு குறைந்திருக்கலாம் என்பதால் ஃபெரிட்டின் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நகம் நடுவில் குழிந்து கரண்டி வடிவத்தில் மாறியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் நகம் வறண்டு நொறுங்கும். அதுவும் பெரும்பாலும் இந்த வயதில்தான் தலைகாட்டுகிறது, சோர்வையும் உடல் எடை கூடுவதையும் மாதவிடாய் நின்றதன் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

தேயிலை நாட்டில் வாழும் நாம் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. சாப்பாட்டோடு சேர்த்தோ, சாப்பிட்ட கையோடோ தேநீர் குடித்தால், அதிலுள்ள டானின் போன்ற பொருள்கள் கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பு உடலில் சேராமல் தடுக்கின்றன. இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் இதே கதைதான். தேநீரை விட வேண்டியதில்லை, உணவுக்கும் தேநீருக்கும் இடையில் குறைந்தது ஒரு மணி நேரம் விட்டால் போதும். குளிர் காலத்தில் அடுப்பில் எந்நேரமும் தேநீர் கொதிக்கும் வீடுகளில் இதைச் சொல்லிச் சொல்லியே என் பணிக்காலம் கழிந்தது.

ஒரே ஒரு நகத்தில் மட்டும் புதிதாகக் கருமையான நெடுக்குக் கோடு தோன்றினாலோ, நகம் மஞ்சளாகித் தடித்தாலோ, சதையைவிட்டுத் தூக்கிக்கொண்டு நின்றாலோ, அதன்மேல் பூச்சு போட்டு மறைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கறுப்புக் கோடு அரிதாகப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். மஞ்சள் தடிப்பு பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று, அதற்கு மருந்து வேறு.

குன்னூர் ஆசிரியை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. செவிலியர் அம்மா அவர்களிடம் ஒரு கேள்வி. மருந்துக் கடையில் கேட்டபோது பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள், அதைச் சாப்பிட்டு வருகிறேன். அடுத்த வாரம் தைராய்டுப் பரிசோதனைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். மாத்திரையைத் தொடரலாமா? அழகுக்கலைஞர் அவர்களிடம், நிறம் எடுக்கும் ரிமூவரில் எதை வாங்குவது, வாரத்துக்கு எத்தனை முறை நிறம் மாற்றலாம் என்றும் அறிய விரும்புகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், கோத்தகிரி

நல்ல வேளையாகப் பரிசோதனைக்கு முன்பே கேட்டீர்கள். இரத்தத்தில் பயோட்டின் அதிகமாக இருந்தால் சில ஆய்வகக் கருவிகள் தவறான முடிவைக் காட்டும். தைராய்டு சரியாக இருப்பவருக்கு அது அதிகமாகச் சுரப்பதுபோலவும், சுரப்பு குறைந்தவருக்கு இயல்பாக இருப்பதுபோலவும் தெரியலாம். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையும் இதனால் பிழையாகலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பது நீங்கள் சாப்பிடும் அளவைப் பொறுத்தது. ஆகவே மாத்திரை அட்டையை மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் காட்டி, அவர்கள் சொல்கிறபடி நிறுத்திவிட்டுப் பரிசோதனை செய்யுங்கள்.

பயன் உண்டா என்றால், நாளுக்கு 2.5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த சில சிறிய ஆய்வுகளில் நகம் ஓரளவு தடித்தது தெரியவந்தது. அதுவும் பல மாதங்கள் தொடர்ந்த பிறகுதான். பயோட்டின் குறைபாடு நம்மிடையே அரிது. முட்டை, நிலக்கடலை ஆகியவற்றில் அது இருக்கிறது. என்னைக் கேட்டால், முதலில் இரும்பையும் தைராய்டையும் பார்த்துவிட்டு, அதன் பிறகு இந்த மாத்திரை தேவையா என்று மருத்துவரோடு முடிவு செய்வதே முறை.

பதில்: கேத்தி தோட்டத்துக்காரர்

கேரட், பீட்ரூட் கழுவி மூட்டை கட்டும் கைகள் எங்களுடையவை. அதனால் நகம் பிளப்பது எங்களுக்குப் பழக்கமான தொல்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்துவருவதில் பலன் தந்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

இரவில் படுக்கும் முன் நகத்திலும் அதைச் சுற்றியுள்ள தோலிலும் எண்ணெய் தேய்ப்பது முதலாவது. பனிக்காலத்தில் தேங்காய் எண்ணெய் புட்டியில் கல்லாக உறைந்து கிடக்கும். அதற்காகச் சோம்பல்படாமல், புட்டியை வெந்நீர்க் கிண்ணத்தில் சற்று நேரம் நிறுத்தினால் இளகிவிடும். கைகளை ஈரத்தோடு ஒற்றித் துடைத்த உடனே தேய்த்தால்தான் அந்த ஈரம் நகத்துக்குள் நிற்கும். விளக்கெண்ணெய் பிசுபிசுப்பாக இருந்தாலும் குளிரில் உறையாது, நெடுநேரம் தங்கும். அதற்கு மேல் வாசலினைத் தடவிப் பழைய பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டு படுத்துவிடலாம். யூரியா கலந்த கிரீமும் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது, என் அக்காவுக்குத் தோல் மருத்துவர் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்.

இன்னொன்று, நீலகிரித் தைலத்தை நகத்தில் தேய்த்தால் நல்லது என்று இங்கே பலர் சொல்வார்கள். சளிக்கும் உடல்வலிக்கும் அது நம் வீட்டு மருந்தாக இருக்கட்டும், நகத்துக்கு வேண்டாம். அது காற்றில் ஆவியாகிப் போகும் எண்ணெய், ஈரத்தைப் பிடித்துவைக்காது. நீர்க்காமல் தடவினால் வெடித்த தோலில் எரிச்சலும் உண்டாகும்.

பாத்திரம் துலக்கும்போதும் துணி துவைக்கும்போதும் கையுறை கட்டாயம். ரப்பர் கையுறையை நேராகப் போட்டால் உள்ளே வியர்த்து நகம் அதிலேயே ஊறும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணம் என்கிறீர்களே, மருதாணியை ஏன் யாரும் சொல்லவில்லை? மருதாணி இலையிலுள்ள லாசோன் என்னும் சாயம் நகத்தின் கெரட்டினோடு சேர்ந்து நிற்கிறது. உரிந்து வராது, ரிமூவரும் தேவையில்லை, நகம் வளர வளரத் தானாக மேலேறி வெட்டுப்பட்டுப் போகும். ஆனால் விழுதை இரவெல்லாம் காயவிட்டால் நகம் வறண்டுவிடும். சில மணி நேரத்தில் எடுத்துவிட்டு உடனே எண்ணெய் தேயுங்கள். சீக்கிரம் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கும் கூம்புகளைத் தொட வேண்டாம். அவற்றில் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் ரசாயனத்தைக் கலப்பதுண்டு, அது தோலைக் கொப்பளிக்க வைக்கும்.

பதில்: வெலிங்டன் வாசகி

எல்லோரும் ஜெல்லை ஒதுக்குவதால் என் தரப்பையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எனக்கும் இதே வயது, இதே குறை. தகுந்த பயிற்சி பெற்ற ஒருவரிடம் மெல்லிய ஜெல் பூச்சு போட்டுக்கொண்ட பிறகுதான் என் நகங்கள் ஒடியாமல் வளர்ந்தன. தண்ணீர் உள்ளே போவதையும் நகம் மடங்குவதையும் அந்தப் பூச்சு தடுக்கிறது. ஒவ்வொரு முறையும் முழுவதையும் எடுக்காமல், வளர்ந்து இடைவெளி விழுந்த அடிப்பகுதியை மட்டும் நிரப்பிக்கொள்கிறேன். ஆகவே அசிட்டோனில் ஊறவைக்கும் தேவையும் அடிக்கடி வருவதில்லை. தவறு ஜெல்லில் இல்லை, அதைச் சுரண்டி எடுத்த கையில்தான் என்பது என் கருத்து.

பதில்: உதகை அழகுக்கலைஞர்

வெலிங்டன் சகோதரி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜெல்லால் வரும் கேட்டில் பெரும்பகுதி அதை எடுக்கும்போதுதான் நேர்கிறது. நகம் மெலிந்து வளைந்தாலும் அடுக்குகள் பிரியாமல் இருப்பவர்களுக்கு, நல்ல கைகளில், அவர் சொல்லும் முறை பயன்படக்கூடும். ஆனால் குன்னூர் அக்காவின் நகம் நுனியில் ஏடு ஏடாகப் பிரிந்திருக்கிறது. ஜெல் பிடித்துக்கொள்வது மேல் ஏட்டை மட்டுமே. ஜெல்லின் ஒரு மூலை தூக்கினால் அந்த ஏட்டையும் சேர்த்துத் தூக்கிவிடும். தூக்கிய இடைவெளியில் ஈரம் தேங்கிக் கிருமியும் வளரும்.

ஒவ்வாமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டால் அதிலுள்ள மெத்தாக்ரிலேட் வகைப் பொருள்களுக்கு ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை வந்துவிட்டால் அது பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீடிக்கும். பல் அடைப்பதிலும், மூட்டு மாற்று அறுவையில் எலும்பை ஒட்டும் பசையிலும் அதே குடும்பத்துப் பொருள்கள் இருப்பதால், வயது ஏற ஏற அது சிறிய விஷயமாக இராது. பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018-இல் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. ஜெல்லை இறுக்கச் சேர்க்கும் டிபிஓ (TPO) என்னும் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் முதல் அழகுப் பொருள்களில் தடை செய்திருக்கிறது. ஆகவே ஜெல் போடுபவர்கள் புட்டியின் லேபிளைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஜெல்லை இறுக்கும் புற ஊதா விளக்கின் அடியில் கையை வைக்கும் முன் சன்ஸ்கிரீன் தடவிக்கொள்வதும், விரல் நுனி மட்டும் தெரியும் கையுறை அணிவதும் அவசியம்.

அக்கா, ரிமூவர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அசிட்டோன் இல்லாத ரிமூவரை வாங்குங்கள். அதுவும் நகத்தை உலர்த்தத்தான் செய்யும், ஆனால் சற்றுக் குறைவாக. வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் ரிமூவர் நகத்தில் படக்கூடாது. இடையில் ஓரம் பெயர்ந்தால் அதன்மேலேயே மேல்பூச்சைத் தடவிச் சமாளியுங்கள், நகத்தால் நோண்டி எடுக்காதீர்கள்.

திருமணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருப்பது நல்லது. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், அடியிலிருந்து நுனி வரை முழுவதும் புதிதாக வளர ஆறு மாதம் ஆகும். சுரண்டிய இடம் எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்து, வைகாசிக்குள் சேதப்பட்ட பகுதியில் பெரும்பங்கு நுனிக்கு வந்து வெட்டுப்பட்டுவிடும். இப்போதிலிருந்து மாசி முடியும் வரை நிறமே வேண்டாம், எண்ணெயும் கையுறையும் மட்டும் போதும். பங்குனி, சித்திரையில் ஒரு சாதாரண அடிப்பூச்சும் வெளிர் நிறமும் போட்டுப் பாருங்கள். வெளிர் ரோஜா, பால் வெள்ளை போன்ற நிறங்களில் கோடுகளும் சிறு பெயர்ப்புகளும் கண்ணில் படாது, அடர் சிவப்பில் எல்லாம் தெரியும். திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பு ஊறவைக்காத மேனிக்யூர் செய்துகொள்ளுங்கள். பூச்சு போடும் நாளில் நகத்தின் மேல் எண்ணெய் இருந்தால் அது ஒட்டாது, ஆகவே சோப்பால் கழுவி நன்கு உலரவிட்டுத்தான் போட வேண்டும். பூச்சு காய்ந்த பிறகு ஓரத் தோலில் எண்ணெய் தொடரலாம்.

குன்னூர் ஆசிரியை

இவ்வளவு பொறுமையாக எழுதிய உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. பயோட்டினை இன்றே நிறுத்திவிட்டு, அட்டையோடு மருத்துவரைப் பார்க்கிறேன். ஜெல் இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். நகங்களுக்கு மருதாணியா வெளிர் நிறமா என்பதை மகளிடம் கேட்டு முடிவு செய்வேன். ஒன்று மட்டும் விளங்கவில்லை. திருமணம் முடிந்து பூச்சை வீட்டிலேயே எடுக்கும்போது, ஏடுகள் மீண்டும் பிரியாமல் எப்படி எடுப்பது?

பதில்: உதகை அழகுக்கலைஞர்

பஞ்சை ரிமூவரில் நனைத்து நகத்தின்மேல் பத்து வினாடி அழுத்தி வையுங்கள். நிறம் கரைந்ததும் அடியிலிருந்து நுனியை நோக்கி ஒரே இழுப்பில் துடையுங்கள். பக்கவாட்டில் தேய்த்தாலும், நுனியிலிருந்து அடிக்கு இழுத்தாலும், பஞ்சின் இழை பிளவில் மாட்டி ஏட்டைத் தூக்கும். நிறம் மிச்சமிருந்தால் அழுத்தித் தேய்க்காமல் புதிய பஞ்சு எடுத்து மறுபடி வையுங்கள். பிறகு கைகளைக் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் காயும் முன்பே எண்ணெய் தேயுங்கள். அன்று இரவு வேறு நிறம் போட வேண்டாம். அடுத்த பூச்சுக்கு முன் ஒரு வாரமாவது நகம் எண்ணெயோடு மட்டும் இருக்கட்டும்.